அடையாளம் கேட்டுப் படுத்திருந்த நாட்கள்

தொண்டையில் கட்டி என்று சொன்னால் எல்லோரும் வாயைத் திறக்கச் சொல்லி டோர்ச் அடித்துப் பார்க்க வருகிறார்கள். கட்டி வாய்க்குள் இல்லை. கழுத்தின் முன்பக்கம், தோலுக்குக் கீழே இருக்கிறது. ஆண்கள் என்றால் குரல்வளை துருத்திக்கொண்டு நிற்குமே, அதற்குச் சற்றுக் கீழே. இதை ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். ஒரு தடவை ஒழுங்காக எழுதிவிட்டால், இதே வருத்தத்தோடு கிளினிக்கில் உட்கார்ந்திருக்கிற யாராவது ஒருத்திக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

என் பெயர் ஜோசபின். ஜோசி என்றால்தான் தெரியும். கற்பிட்டிப் பக்கம் கடற்கரையில் வீடு. தலவில அன்னம்மாள் கோயில் திருநாளுக்கு ஆட்கள் வான் வண்டி பிடித்து வருகிற அதே வழிதான். புருஷன் பெனடிக்ற் கடலுக்குப் போகிறவர். மகள் ஒருத்தி, அனுஷா. நான் எங்கள் கோயிலில் பாட்டு எடுத்துக் கொடுக்கிறவள். எங்கள் கோயிலில் ஆர்மோனியம் வாசிக்க ஆளில்லை, மைக்கும் பாதி நாள் வேலை செய்யாது. நான் முதல் அடியை எடுத்தால்தான் சனம் பின்னால் வரும். அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. என்னுடைய குரல் நல்ல குரல். "கடல்ல நிண்டாலும் எனக்குப் பூசை கேக்கும், கோயிலுக்கு வரத் தேவையில்லை" என்று சொல்லி பெனடிக்ற் பல ஞாயிறுகளில் தப்பியிருக்கிறார்.

கட்டியை முதலில் கண்டது நானுமில்லை, அவருமில்லை. எங்கள் பங்குச் சுவாமி. பீடத்தில் நிற்கிறவருக்கு என் கழுத்து நேரே தெரியும். ஒருநாள் பூசை முடிந்து, "ஜோசி, நீங்க பாடேக்க கழுத்தில ஏதோ ஏறி இறங்குது. டொக்டரிட்டக் காட்டுங்க" என்றார். வீட்டுக்கு வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்று எச்சிலை விழுங்கிப் பார்த்தேன். பாக்கு அளவில் ஒன்று மேலே போய்விட்டுக் கீழே வந்தது. மறுபடி விழுங்கினேன். மறுபடி வந்தது. அன்று முழுக்க விழுங்கிக்கொண்டே இருந்தேன்.

புத்தளத்தில் காட்டினோம். கழுத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் தைரொயிட் என்று ஒரு சுரப்பி இருக்கிறதாம். உடம்பு சூடாக இருப்பது, நெஞ்சு அடிப்பது, களைப்பு, தூக்கம் எல்லாவற்றுக்கும் அது விடுகிற நீர்தான் காரணமாம். அதன் வலது இறகில் கட்டி. முதலில் இரத்தம் எடுத்தார்கள், பிறகு ஸ்கேன். கழுத்தில் குளிர்ந்த பசையைப் பூசி, ஒரு கருவியை உருட்டிப் படம் பார்ப்பது, அவ்வளவுதான், நோகாது. அதன் பிறகு ஊசி. மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் குத்திக் கொஞ்சம் செல் உறிஞ்சி எடுத்துப் பார்ப்பார்கள். கழுத்தில் ஊசி என்று கேட்டதும் எழும்பி ஓடிவிடலாமா என்று பார்த்தேன். உண்மையில் அது எறும்பு கடித்தது போலத்தான். விழுங்கக் கூடாது என்று சொல்வார்கள், அதுதான் கஷ்டம். சொன்ன நிமிடத்தில் வாயெல்லாம் எச்சில் ஊறிவிடும்.

பரிசோதனையை விடப் பொல்லாதது பரிசோதனைகளுக்கு நடுவில் உள்ள காலம். கிளினிக் வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்கிற மாதிரியே பயமுறுத்துவார்கள். "என்ர சித்திக்கும் இதேதான், சும்மா தண்ணிக் கட்டி எண்டாங்க" என்று ஒருத்தி தொடங்கினாள். நான் சந்தோஷப்பட்டு முடிக்குமுன், "பிறகுதான் தெரிஞ்சது" என்று நிறுத்திவிட்டுத் தன் இலக்கத்தைக் கூப்பிட்டதும் எழும்பிப் போய்விட்டாள். எது பிறகுதான் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பதில் வந்தது. சந்தேகம் என்று போட்டிருந்தார்கள். புற்று என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் கட்டியை வெளியே எடுத்துத்தான் பார்க்க வேண்டும். அதற்கு இன்னும் தெற்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பெயர் வேண்டாம், நல்லபடியாகத்தான் பார்த்தார்கள். அரசாங்க ஆஸ்பத்திரி என்றபடியால் வெட்டுவதற்குக் காசு வாங்குவதில்லை, போய் வருகிற செலவுதான் எங்களுடையது.

அங்கே சேர்ஜன் ஒரு சிங்களவர், பொறுமையான மனிதர். அனுஷா சிங்கள மொழியில் படித்தவள், அவள்தான் எனக்கும் அவருக்கும் நடுவில். அவர் ஒரு கடதாசியில் கழுத்தைப் படமாகக் கீறிக் காட்டினார். தைரொயிட்டுக்குப் பின்னால் நூல் போல ஒரு நரம்பு போகிறது. குரல் நாணை அசைப்பது அந்த நரம்புதான். என்னுடைய கட்டி அதற்குப் பக்கத்தில் இருக்கிறது. கவனமாகத்தான் வெட்டுவார்கள், ஆனாலும் சிலருக்குக் குரல் கம்மிப்போகும், சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது.

அனுஷா இதையெல்லாம் எனக்குச் சொல்லிவிட்டு, அவர் ஏதோ கேட்க, என்னைப் பார்த்தாள்.

"அம்மா, பாடுற வழக்கமா எண்டு கேக்கிறார்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓம் என்று தலையை ஆட்டினேன். அவர் அந்தக் கடதாசியை மடித்து என் கையில் தந்து, யோசித்துவிட்டு வரச் சொன்னார், ஆனால் கனகாலம் யோசிக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

யோசிப்பது என்றால் எங்களுக்குக் கடவுளிடம் கேட்பது. எங்கள் பக்கத்தில் எதையும் சும்மா தொடங்க மாட்டோம். புது வலை வாங்கினால் சுவாமி வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்க வேண்டும். அனுஷாவின் கலியாணப் பேச்சு வந்தபோது ஒன்பது நாள் அன்னம்மாளுக்கு நவநாள் செபம் செய்து முடித்துவிட்டுத்தான் மாப்பிள்ளை வீட்டுக்குப் பதில் சொன்னோம். ஆண்டவர் வழிகாட்டும் மட்டும் காத்திரு என்றுதான் சின்னதிலிருந்து கேட்டு வளர்ந்தது. எனக்கு அதில் குறை கிடையாது. குறை என்னவென்றால், காத்திருக்கிறது எப்படி என்று சொன்னவர்கள், பதில் வந்தால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்லவில்லை.

கண்ணை மூடி வேதப் புத்தகத்தைத் திறந்து, விரல் வைத்த இடத்தை வாசித்தேன். துணியில் பூஞ்சணம் பிடித்தால் குருவானவர் என்ன செய்ய வேண்டும் என்று இருந்தது. கழுத்துக்கும் அதற்கும் தொடர்பு கண்டுபிடிக்கப் பார்த்தேன், முடியவில்லை. பிறகு திருவுளச்சீட்டுப் போட்டோம். அன்னம்மாள் சுரூபத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தி, ஒரு துண்டில் போ என்றும் மற்றதில் வேண்டாம் என்றும் எழுதி, மடித்துக் குலுக்கி, நானே எடுத்தேன். போ என்று வந்தது.

"ஒருக்கா எடுத்தாச் சரிவராது. மூண்டு தரம் எடுக்கோணும்" என்றாள் ரெஜினா.

ரெஜினா பெனடிக்ற்றின் தங்கச்சி. பக்கத்து வளவு. இரண்டாம் தரம் வேண்டாம் என்று வந்தது. மூன்றாம் தரம், மெழுகு பட்ட விரலோ வியர்வையோ தெரியாது, இரண்டு சீட்டும் ஒட்டிக்கொண்டு ஒன்றாக வந்தன. பெனடிக்ற் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரெஜினாவுக்கும் வரவில்லை.

அவள் செபக்குழுவில் இருக்கிறவள். கையை உயர்த்திச் செபிக்கத் தொடங்கினால் கூரைத் தகரம் அதிரும். அந்தக் கிழமையே வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "மச்சாள், ஆண்டவர் எனக்குச் சொல்லிப்போட்டார். உன்ர உடம்பில கத்தி படக்கூடாதாம். அவரே சுகமாக்குவாராம்" என்றாள். பிடித்த பிடியில் என் விரல் நொந்தது. நடிக்கிறவள் அப்படிப் பிடிக்க மாட்டாள். அவளுடைய புருஷன் வயிற்றில் ஒப்பரேஷனுக்கென்று போய்த் திரும்பி வராதவர். ஆண்டவர்தான் அவளோடு பேசினாரோ, அந்தப் பயம்தான் பேசியதோ, எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியாது. ஆனால் அந்த வார்த்தை எனக்குள் போய்க் குந்திக்கொண்டது. வெட்டினால் குரல் போகும். வெட்டாவிட்டால் உயிர் போகலாம். இப்போது வெட்டினால் ஆண்டவருக்கும் கீழ்ப்படியாதவள்.

பெனடிக்ற்றிடம் கேட்டேன். "எனக்குத் தெரியாது ஜோசி. நீ போறதெண்டாப் போவம், இருக்கிறதெண்டா இருப்பம்" என்றார். ஒரு மனிதர் முப்பது வருஷம் கடலில் காற்றுப் பார்த்து முடிவெடுக்கிறார், வீட்டில் இதற்கு ஒரு வார்த்தை சொல்ல முடியாதா என்று அவரோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

கடைசியில் ஒப்பரேஷனுக்குத் திகதி கிடைத்துவிட்டது என்பதற்காகவே ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தேன். உள்ளே போகிறவரை ஏதாவது ஒரு அடையாளம் வரும், வந்தால் எழும்பி வந்துவிடலாம் என்பதுதான் என் எண்ணம். வெட்டுவதற்கு முன் மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை விட்டுக் குரல் நாண் அசைகிறதா என்று பார்த்தார்கள். அந்த டொக்டர் திரையில் எனக்கும் காட்டினார். வெள்ளையாக இரண்டு நாடா, ஆ என்று சொன்னால் வந்து ஒட்டுகின்றன, விட்டால் விலகுகின்றன. இத்தனை வருஷமும் கோயிலை நிரப்பியது இந்த இரண்டு துண்டுதானா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வார்ட்டில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் பரீதா. என் வயதுதான் இருக்கும். தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை விரட்டியபோது மன்னாரிலிருந்து தாய் தகப்பனோடு வெறுங்கையோடு வெளிக்கிட்டு வந்த பிள்ளை, புத்தளத்தில் வளர்ந்து, கலியாணம் முடித்து, இப்போது துணிக்கடை வைத்திருக்கிறாள். பித்தப்பையில் கல்லு. தாதிமாரிடம் சிங்களத்தில் சண்டை பிடிப்பாள், எனக்கும் சேர்த்து. என்னை அக்கா என்றாள். பெனடிக்ற் பஸ்ஸில் வந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த மீனில், என் கட்டிலில் உட்கார்ந்து முள் எடுப்பார். கட்டி இடிப்பதால் விழுங்கும்போது எனக்குச் சிக்கும். மீன் பிடிக்கிறவர், ஒரு நாளும் வீட்டில் முள் எடுத்தவரில்லை. அந்தத் தடித்த விரல்களால் கிளறிக் கிளறி எடுத்துவிட்டு, பாண் ரொட்டியோடு சேர்த்து வாயில் வைப்பார். பரீதாவுக்கும் ஒரு பங்கு போகும். "இப்புடி ஒரு மாப்புள எனக்குக் கெடச்சிருந்தா கல்லே வந்திரிக்காது" என்பாள்.

ஒப்பரேஷனுக்கு முதல் நாள் மாலை தாதி வந்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் வாயில் வைக்கக் கூடாது, தண்ணீரும் கூடாது என்று தெளிவாகச் சொன்னார். நான் ஓம் என்றேன். உபவாசம் எங்களுக்குப் புதிதா? பெரிய வெள்ளிக்கு நான் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

மறுநாள் காலையில் அந்தப் பக்கத்துக் கன்னியர் மடத்திலிருந்து ஒரு இளம் சிஸ்டர் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுவந்தார். நான் எழும்பி முக்காடு போட்டு, பக்தியோடு வாங்கினேன். அப்பம் தொண்டையில் ஒட்டியது. ரெஜினா கொடுத்தனுப்பிய போத்தல் தலையணைக்குக் கீழே இருந்தது. மடு மாதா கோயில் மண்ணைக் கரைத்த தண்ணீர். விஷக்கடிக்கும் தீராத நோய்க்கும் எங்கள் ஆட்கள் அந்த மண்ணைக் கொண்டுவந்து வைத்திருப்பார்கள். அதில் அரைக் கோப்பை குடித்தேன். நெஞ்சு குளிர்ந்தது.

ஏதும் சாப்பிட்டீர்களா என்று தாதி கேட்டார். இல்லை என்றேன். பொய் சொல்கிறேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆண்டவருடைய சரீரத்தைச் சாப்பாடு என்று எந்தக் கத்தோலிக்கத்தி சொல்வாள்? மாதாவின் மண்ணைத் தண்ணீர் என்று யார் சொல்வாள்?

தள்ளுவண்டியில் ஒப்பரேஷன் தியேட்டர் வாசல்வரை போனேன். மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர் ஒரு பெண். அவர் மறுபடியும் கேட்டார், தமிழும் கொஞ்சம் தெரிந்தவர். "அம்மா, காலையில் எதுவும்? தண்ணி? மருந்து?"

"ஒண்டுமில்லை டொக்டர். நற்கருணை வாங்கினன். மடு மண் கரைச்ச தண்ணி கொஞ்சம் குடிச்சன். வேற ஒண்டுமில்லை."

அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தவரைப் பார்த்தார். அந்த ஆள் சிங்களத்தில் விளக்கினார். டொக்டர் என்னிடம் திரும்பி, "மண்ணா?" என்றார்.

கோபிக்கவில்லை. மயக்கத்தில் கிடக்கும்போது வயிற்றில் உள்ளது மேலே வந்து சுவாசப்பைக்குள் போய்விட்டால் ஆள் தப்புவது கஷ்டம், அதனால்தான் இந்தக் கட்டுப்பாடு என்று சொன்னார். அதிலும் மண் கலந்த தண்ணீர் என்றால் தன்னால் பொறுப்பெடுக்க முடியாதாம். அன்றைக்கு எனக்குப் பின்னால் இருந்தவளை முன்னால் எடுத்தார்கள். எனக்கு அடுத்த கிழமைக்குப் போட்டார்கள். வந்த வழியே வண்டி திரும்பியது. முகட்டு மின்விசிறிகளை எண்ணியபடி போனவள், அதே மின்விசிறிகளைப் பார்த்தபடி திரும்பி வந்தேன்.

ரெஜினாவுக்குச் செய்தி போய்விட்டது. டெலிபோனில் அழுதாள். "பாத்தியா மச்சாள், தியேட்டர் வாசல் வரைக்கும் விட்டுப்போட்டு அவரே தடுத்திட்டார். இதுக்கு மேல உனக்கு என்ன அடையாளம் வேணும்? ஞாயிற்றுக்கிழமை வான் கொண்டு வாறன். வீட்டை போவம்."

அவள் சொன்னது எனக்கு இனித்தது. கேட்டுக் கேட்டு வராத அடையாளம் இதோ வந்துவிட்டது. அதுவும் நற்கருணை வழியாகவும் மாதாவின் மண் வழியாகவும். பையை எடுத்துச் சாமான்களை அடுக்கத் தொடங்கினேன்.

பரீதா அப்போது ஒப்பரேஷன் முடிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாள். "எங்கக்கா வெளிக்கிடுறீங்க?"

விஷயத்தைச் சொன்னேன். ஆண்டவர் தடுத்துவிட்டார் என்றேன்.

"அல்லாஹ்வே! நோம்பு வச்சிட்டு ஒரு மொடக்குத் தண்ணி குடிச்சா நோம்பு முறிஞ்சிரும். அது மக்கத்துச் சம்சம் தண்ணியா இருந்தாலும் முறியும். அதுக்கு அல்லாஹ் முறிச்சிட்டான்னு சொல்லுவமா? குடிச்சது நாம." சிரிக்கப் போய், தையல் இழுத்து, "யா அல்லாஹ்" என்று வயிற்றை அழுத்திக்கொண்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. "நீங்க அப்ப எப்பிடி முடிவெடுத்தீங்க?"

"நாங்க இஸ்திகாரா தொழுவோம். ரெண்டு ரக்அத் தொழுதிட்டு, இது எனக்கு ஹைரான நல்ல விஷயம்னா லேசாக்கு, இல்லன்னா என்ன விட்டுத் திருப்புன்னு துஆ கேக்குறது. கனவு வரும்னு சில பேர் சொல்லுவாங்க. எனக்கு ஒரு கனவும் வரல்ல. கடைக்குள்ள எலி பூந்த மாதிரித்தான் வந்திச்சி. அது கனவில்ல, மெய்யாவே எலி இருக்கி."

"பிறகு?"

"பிறகு என்ன. பயந்துக்கிட்டே வந்தன். வர வர மனசு கொஞ்சம் கொஞ்சமா அடங்கிச்சி. அவ்வளவுதான் அக்கா. எனக்கும் வேற ஒண்டும் தெரியா."

அவள் திரும்பிப் படுத்துவிட்டாள். பாதி அடுக்கிய பையோடு நான் வெளியே விறாந்தை வாங்கில் போய் இருந்தேன். செபமாலை கையில் இருந்தது, சொல்லவில்லை. அதுவரை நான் காத்திருந்தது எல்லாம் ஓயாமல் பேசிக்கொண்டு காத்திருந்ததுதான். கேட்டுக்கொண்டே இருந்தேன், நேர்ந்துகொண்டே இருந்தேன், பேரம் பேசினேன். குரலை மட்டும் எனக்கு விட்டுவிடு, வருஷம் முழுக்கப் பாடுகிறேன் என்றேன். அன்றைக்கு முதல் தரம் வாயையும் மனதையும் மூடிக்கொண்டு இருந்தேன்.

வீட்டுக்குப் போகிறேன் என்று நினைத்துப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கள்ளம் அடித்த பிள்ளையின் சந்தோஷம் அது. கொஞ்ச நேரத்தில் அதற்குள்ளிருந்து ஒரு பதற்றம் எழும்பியது. பிறகு, இருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன். பயமாக இருந்தது. எவ்வளவு நேரம் வைத்துப் பார்த்தாலும் அது பயமாகவே இருந்தது, வேறொன்றாக மாறவில்லை. ஆனால் அதன் அடியில் ஒரு அமைதி இருந்தது. சத்தமில்லாமல் ஓரமாக இருந்தது. அதைக் கடவுள் என்று சத்தியம் பண்ண என்னால் முடியாது. திரும்பத் திரும்ப இரண்டையும் நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ரெஜினா வானோடு வந்தாள். செபக்குழு ஆட்கள் இரண்டு பேரும் கூட. பெனடிக்ற் பின்னால் நின்றார். பை கட்டிலில் அடுக்கியபடி இருப்பதைக் கண்டு அவள் முகம் மலர்ந்தது.

"நான் வரேல்ல மச்சாள்" என்றேன். "ஒப்பரேஷனைச் செய்யப் போறன்."

"ஆண்டவர் இவ்வளவு சொல்லியுமா?"

"தடுத்தது அவரில்லை. குடிக்க வேண்டாம் எண்டு சொல்லியும் குடிச்சது நான்."

"அப்ப அவர் எனக்குச் சொன்னது பொய்யா?"

எனக்கு அவளுடைய புருஷனின் நினைவு வந்தது. அதைச் சொல்லியிருந்தால் அங்கேயே வாயடைத்திருப்பாள். சொல்லவில்லை. "உனக்குச் சொன்னதைப் பற்றி எனக்குத் தெரியாது ரெஜினா. எனக்கு அவர் ஒண்டும் சொல்லேல்ல. நானும் காது குடுத்துப் பாத்திட்டன். மனசு இங்கயே நில்லு எண்டுதான் சொல்லுது" என்றேன்.

அவள் திரும்பிப் போய் வானில் ஏறிவிட்டாள். பெனடிக்ற் போகவில்லை. பையிலிருந்து என் உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி சின்ன அலுமாரிக்குள் வைத்தார். வைத்து முடித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "நீ வீட்டை போவம் எண்டிருந்தா நான் கூட்டிக்கொண்டு போயிருப்பன் ஜோசி. அதை நினைச்சுத்தான் நித்திரை இல்லை" என்றார். அவர் வாய் திறக்காமல் இருந்தது அக்கறை இல்லாமல் அல்ல, பயத்தில் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. இரண்டு நாள் கதைக்காமல் விட்டதற்கு வெட்கப்பட்டேன்.

அடுத்த ஒப்பரேஷன் காலை. அதே சிஸ்டர் வந்தார். முதல் தரம் நடந்தது தன்னுடைய பிழை என்று அவர் மனம் நொந்திருந்தார். தூரத்துக் கட்டிலில் ஒரு சிங்களக் கிழவிக்கு நற்கருணை கொடுத்தார். பிறகு என்னைத் தாண்டி அடுத்த வரிசைக்குப் போனார். நற்கருணை வைத்திருந்த அந்தச் சிறு பெட்டி என் கைக்கு எட்டும் தூரத்தில் போனது. வாழ்க்கையில் இவ்வளவு பயந்த ஒரு காலையில் அது எனக்கில்லாமல் போனது நெஞ்சைப் பிசைந்தது. பொறாமையாகக்கூட இருந்தது.

எல்லோருக்கும் கொடுத்து முடித்துவிட்டு சிஸ்டர் திரும்பி வந்தார். "அம்மா, ஆசை நற்கருணை வாங்குங்க. வாங்க ஆசையா இருக்கு எண்டு சொன்னாலே போதும்" என்றார்.

"ஆசையா இருக்கு ஆண்டவரே" என்றேன். வேறு செபம் வரவில்லை. சிஸ்டர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, வண்டி வருகிறவரை என் பக்கத்தில் சும்மா இருந்தார். அவரும் பயந்திருந்தார் என்று நினைக்கிறேன். எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

மயக்க டொக்டர் என்னைக் கண்டதும் அடையாளம் பிடித்துவிட்டார். "இன்றைக்கு மண் இல்லையே?" என்றார். "இல்லை டொக்டர்" என்றேன். நான் தெளிவான குரலில் பேசிய கடைசி வசனம் அதுதான்.

கண் விழித்தபோது கழுத்தில் கட்டுப் போட்டிருந்தது. பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய குழாய் போத்தலுக்குள் இறங்கியது. உள்ளே கசியும் இரத்தம் தேங்காமல் இருக்க அதைப் போடுவார்களாம். சேர்ஜன் குனிந்து பெயர் கேட்டார். வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. மறுபடி கேட்டார். மறுபடி காற்று. அவர் என் தோளில் கையை வைத்து, பரவாயில்லை என்று தமிழில் சொன்னார். அனுஷா பிறகு விளக்கினாள். கட்டி அந்த நரம்போடு ஒட்டியிருந்ததாம், பிரித்தெடுக்கும்போது நரம்பு களைத்துப்போய்விட்டதாம். திரும்பலாம், திரும்பாமலும் விடலாம்.

இரண்டு மூன்று நாட்களுக்கு விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் எறும்பு ஊர்வது போல இருந்தது. இந்த ஒப்பரேஷன் செய்துகொள்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: தைரொயிட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்னச் சுரப்பிகள் அதிர்ச்சியடைந்தால் இரத்தத்தில் கல்சியம் குறையும், அதனால்தான் அப்படி. உடனே தாதியிடம் சொல்ல வேண்டும். நான் சொல்ல முடியாமல் கட்டில் கம்பியில் தட்டினேன். பரீதா வீட்டுக்குப் போகுமுன் தன்னுடைய பேனையை எனக்குத் தந்துவிட்டுப் போனாள். "அக்கா, நீங்க பேசாம இருக்கிறது வார்ட்டுக்கே நல்லா இல்ல" என்று கன்னத்தைத் தடவினாள்.

எடுத்த கட்டியைப் பரிசோதித்த பதில் பிறகு வந்தது. புற்றுத்தான். சுரப்பிக்குள்ளேயே இருந்தது, வெளியே பரவவில்லை. இன்னும் விட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று சேர்ஜன் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இனிச் சாகும்வரை ஒவ்வொரு காலையும் வெறும் வயிற்றில், அந்தச் சுரப்பி விடும் நீருக்குப் பதிலாக ஒரு குளிசை. நான் செய்தது சரி என்று நிரூபிக்க இதைச் சொல்லவில்லை. பதில் மாறி வந்திருந்தாலும், அன்று அந்த வாங்கில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

உயிர் இருக்கிறது என்று நன்றி சொல்கிறேன். குரல் போனதற்கு அழுதும் இருக்கிறேன், அதை மறைக்க மாட்டேன். வீடு திரும்பிய முதல் ஞாயிறு கோயிலில் வேறொருத்தி பாட்டெடுத்தாள், இரண்டு சுருதி மேலே. சனம் தொண்டை கிழியக் கத்தியது. என்னால் திருத்த முடியவில்லை. லேஞ்சித் துணியை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

வீட்டில் மாலைச் செபமாலையை எப்போதும் நான்தான் சொல்வேன், நான் முதல் பாதியைச் சொல்ல மற்றவர்கள் மறு பாதியைப் பதிலாகச் சொல்வார்கள். வந்த பிறகு அனுஷா சொன்னாள். மாசக்கணக்கில் அப்படிப் போனது. ஒருநாள் எனக்கு ரோசம் வந்துவிட்டது. இன்றைக்கு நான் சொல்கிறேன் என்று சைகை காட்டினேன். அந்த நேரம் பார்த்து ரெஜினா வாசலில் வந்து நின்றாள். வானில் ஏறிப் போன நாளிலிருந்து எங்கள் வளவுக்குள் கால் வைக்காதவள். யாரும் வா என்று சொல்லுமுன் உள்ளே வந்து ஒரு மூலையில் பாயில் இருந்தாள்.

நான் தொடங்கினேன். கரகரத்த காற்றுப் போல ஒன்று வந்தது. எனக்கே கேட்கவில்லை. பெனடிக்ற் தலையைச் சாய்த்துப் பார்த்தார், அனுஷா என் உதட்டைப் பார்த்தாள். ஒருவருக்கும் எங்கே பதில் சொல்வதென்று தெரியவில்லை. மறுபடி தொடங்கினேன். பாதியில் நின்றுவிட்டது.

ரெஜினா எழும்பினாள். போகப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் சுவரடிக்குப் போய் மின்விசிறியை நிறுத்தினாள். ஜன்னலுக்கு வெளியே கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ரேடியோவுக்காக ஜன்னலையும் சாத்தினாள். பிறகு வந்து, மூலைக்குப் போகாமல், எனக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து, காதை என் வாயருகே கொண்டுவந்தாள்.

"இப்ப சொல்லு மச்சாள்" என்றாள்.

சொன்னேன். அவள் மெதுவாகப் பதில் சொன்னாள், மற்றவர்கள் அவளைத் தொடர்ந்தார்கள். பூட்டிய அறைக்குள் எல்லோருக்கும் வியர்வை ஊற்றியது. செபமாலையின் ஐந்து தேவ இரகசியமும் முடியும்வரை ஒருவரும் எழும்பவில்லை.